மூடியைச் சாத்திய பிறகு

ஒரு லேப்டாப்புக்குத் தன் மூடி சாத்தப்பட்டிருப்பது நேரடியாகத் தெரியாது. திரையின் விளிம்புக்குள் ஒரு குட்டிக் காந்தம் ஒளிந்திருக்கிறது. அதற்கு நேர்கீழே, விசைப்பலகைப் பக்கம், ஒரு ஹால் சென்சார். காந்தம் பக்கத்தில் வந்தால் சென்சாரில் மின்னழுத்தம் மாறும். அவ்வளவுதான். சந்தேகமிருந்தால் ஒரு லேப்டாப்பைத் திறந்துவைத்து, இன்னொரு மூடிய லேப்டாப்பின் மேல் வைத்துப் பாருங்கள். சில நேரம் மேலே இருப்பது பட்டென்று அணைந்துவிடும். கீழே இருப்பதன் காந்தத்தைத் தன் மூடி என்று நினைத்துக்கொள்கிறது.

இந்த விளைவை 1879-இல் எட்வின் ஹால் என்ற ஆய்வு மாணவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், மெல்லிய தங்கத் தகட்டை வைத்துக் கண்டுபிடித்தார். எலெக்ட்ரான் என்ற துகளே அப்போது கண்டறியப்பட்டிருக்கவில்லை. அந்தத் தங்கத் தகட்டின் வாரிசுதான் இன்று நம் மடியில் இருக்கிறது.

சென்சார் எழுப்புவது ஒரு செய்தி மட்டுமே. அது முதலில் மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் போகும். அங்கிருந்து ஃபர்ம்வேருக்கு. அங்கிருந்து இயங்குதளத்துக்கு. இயங்குதளம் உங்கள் செட்டிங்ஸைப் பார்க்கும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பார்க்கும், ஒவ்வொரு டிரைவரிடமும் ‘போகலாமா?’ என்று கேட்கும். எல்லோரும் தலையாட்டினால்தான் தூக்கம். நாம் மூடியைச் சாத்துவதை ஓர் ஆணை என்று நினைக்கிறோம். இயந்திரத்தின் உள்ளே அது கை மாறிக் கை மாறிப் போகும் ஒரு மனு. அந்த மனுவின் மீது கடைசிக் கையெழுத்தைப் போடுவது யார் என்பதுதான் லேப்டாப் தூக்கத்தின் நாற்பது வருட வரலாறு.

மடிப்பு

இன்றைய லேப்டாப்பின் சிப்பி வடிவத்தைப் பிரபலமாக்கியது கிரிட் காம்பஸ். வருடம் 1982. வடிவமைத்தவர் பிரிட்டிஷ்காரரான பில் மாக்ரிட்ஜ். மக்னீசியத்தாலான கறுப்புப் பெட்டி, எட்டாயிரம் டாலருக்கு மேல் விலை. நாசா அதை விண்ணோடங்களில் எடுத்துப் போனது. ஆனால் அதன் முதல் மாடலில் பேட்டரி கிடையாது. சுவரில் செருகித்தான் ஓட்ட வேண்டும். திரையை மடக்குவது திரையைக் காப்பாற்றவும் தூக்கிக்கொண்டு போகவும்தான். பெட்டியை மூடினால் பெட்டி மூடிக்கொள்ளும், வேறு அர்த்தம் எதுவும் அதற்கு இல்லை.

அடுத்த வருடமே இதற்கு நேர் எதிரான ஒன்று வந்தது. ரேடியோ ஷேக் கடைகளில் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100. ஜப்பானின் கியோசெரா தயாரிப்பு. மடிப்பே இல்லாத தட்டையான பலகை. நான்கு பென்சில் பேட்டரி போட்டால் சுமார் இருபது மணி நேரம் ஓடும். பத்திரிகையாளர்கள் அதைக் கொண்டாடினார்கள். சுவிட்சை அணைத்து, மறுநாள் போட்டால், எழுதிய வரி அங்கேயே இருக்கும். காத்திருப்பே கிடையாது. அதன் உள்மென்பொருளை எழுதியது மைக்ரோசாஃப்ட்; பில் கேட்ஸே உட்கார்ந்து நிரல் எழுதிய கடைசி தயாரிப்புகளில் ஒன்று அது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

மாடல் 100-ஆல் அது முடிந்ததற்குக் காரணம் அதன் நினைவகம். நிலை நினைவகம் எனப்படும் வகை அது. துளி மின்சாரம் கொடுத்தால் போதும், வைத்ததை வைத்தபடி வைத்திருக்கும். ஆனால் விலை அதிகம், கொள்ளளவு குறைவு. பெரிய கணினிகளுக்குத் தோதானது டிராம். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டுக்கு 1968-இல் அதற்கான காப்புரிமை கிடைத்தது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மலிவு. ஒரே பிரச்சினை, மின்தேக்கி ஒழுகும். ஓட்டைக் குடத்தில் பிடித்த தண்ணீர் மாதிரி. வழக்கமான கணக்கு 64 மில்லிசெகண்ட். அதற்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை வாசித்து மறுபடி எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் மறந்துவிடும்.

ஆக, லேப்டாப்பின் தூக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான்: செயலி அணைந்துவிட்டது, திரை, வட்டு, விசிறி எல்லாம் அணைந்துவிட்டன. இருட்டில் நினைவகம் மட்டும் தனக்குத் தானே ஒப்பித்துக்கொண்டிருக்கிறது, பரீட்சைக்கு முந்தைய இரவில் பாயில் படுத்தபடி வாய்ப்பாடு முணுமுணுக்கும் பையனைப் போல. நீங்கள் திறந்திருந்த கோப்பு, பாதி அடித்த வாக்கியம், எல்லாம் அந்த முணுமுணுப்பில்தான் இருக்கிறது.

பயாஸின் ஆட்சி

1990-இல் இன்டெல் 386எஸ்எல் என்ற செயலியை லேப்டாப்புகளுக்காகவே வெளியிட்டது. அதில் ஒரு ரகசிய அறை இருந்தது: சிஸ்டம் மேனேஜ்மென்ட் மோட். செயலி திடீரென்று இயங்குதளத்தை அப்படியே உறையவைத்துவிட்டு, ஃபர்ம்வேரின் நிரலை ஓட்டி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பி வரும். இயங்குதளத்துக்குத் தான் உறைந்ததே தெரியாது. மின்சாரத்தைச் சேமிக்கும் வேலைகளை இங்கிருந்து செய்துகொள்ளலாம் என்பது திட்டம்.

1992 ஜனவரியில் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற தரநிலையைக் கொண்டுவந்தன. அதே வருடம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியது. சும்மா இருக்கும் கணினி 30 வாட்டுக்குள் அடங்க வேண்டும். 1993 ஏப்ரலில் கிளின்டன், மத்திய அரசு அலுவலகங்கள் வாங்கும் கணினிகள் எனர்ஜி ஸ்டார் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அதற்குப் பிறகு தூக்கம் லேப்டாப்பின் தேவை மட்டுமல்ல, மேசைக்கணினி விற்பவர்களின் தேவையும்கூட.

ஏபிஎம்மில் லகான் பெரும்பாலும் பயாஸ் கையில். அதற்குத் தெரிந்ததெல்லாம் வன்பொருள் அசைவு. விசை தட்டப்பட்டதா, வட்டு சுழன்றதா, மோடம் பேசியதா? இத்தனை நிமிடம் அசைவில்லை என்றால், தூங்கலாம். திரையில் ஒருவர் நீண்ட அறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கிறாரா, விற்பனைக் கூட்டத்தில் ஒரே ஸ்லைடைக் காட்டி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறாரா, அதெல்லாம் பயாஸுக்கு எட்டாத விஷயங்கள். மணி அடித்தால் விளக்கை அணைக்கும் விடுதி வார்டன் அது. நீ படித்துக்கொண்டிருக்கிறாயா என்று கேட்காது.

நான்காயிரம் மொழிபெயர்ப்பாளர்கள்

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டொஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புதிய தரநிலையை வெளியிட்டன. அடிப்படை மாற்றம் ஒன்றுதான்: முடிவை எடுப்பது இனி இயங்குதளம். என்ன நடக்கிறது என்று அதற்குத்தானே தெரியும்? நியாயமான வாதம். விண்டோஸ் 98-இலும் 2000-இலும் இது நடைமுறைக்கு வந்தது.

தூக்கத்தின் படிநிலைகளுக்குப் பெயர் வைத்ததும் இந்த ஆவணம்தான். எஸ்0 விழிப்பு. எஸ்1, எஸ்2 கண்ணயர்வு. எஸ்3 நாம் மேலே பார்த்த தூக்கம், நினைவகம் மட்டும் முணுமுணுப்பது. எஸ்4 ஹைபர்னேட், நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதி வைத்துவிட்டு முழுக்க அணைவது. எஸ்5 அணைப்பு.

ஆனால் ஒவ்வொரு தயாரிப்பாளரின் மதர்போர்டும் வேறு. எந்தக் கம்பியை இழுத்தால் எது அணையும் என்று இயங்குதளத்துக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஏசிபிஐ ஒரு தனி மொழியையே உருவாக்கியது. தயாரிப்பாளர் அந்த மொழியில் சிறு நிரல்கள் எழுதி ஃபர்ம்வேருக்குள் வைக்க வேண்டும். இயங்குதளம் அதை வாசித்து, வரி வரியாக ஓட்டும். மாடலுக்கு மாடல் ஒரு மொழிபெயர்ப்பாளர். மேலே நான்காயிரம் என்றது கணக்கல்ல, அலுப்பு. அவர்களில் பலர் தங்கள் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தது ஒரே ஒரு வழியில்தான்: விண்டோஸில் வேலை செய்கிறதா? செய்கிறது. அனுப்பு.

லினக்ஸ்காரர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள். ஏசிபிஐயில் ஃபர்ம்வேர் இயங்குதளத்தைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. லினக்ஸ் உண்மையைச் சொன்னால், ஃபர்ம்வேர் யாருமே சோதித்துப் பார்க்காத பாதையில் போய் விழும். அதனால் லினக்ஸ் கெர்னல் இன்றுவரை, நீ விண்டோஸா என்று கேட்டால் ஆமாம் என்கிறது. நீ லினக்ஸா என்று கேட்டால் இல்லை என்கிறது. முதல்முறை இதைப் படித்தபோது சிரித்தேன். அப்புறம் யோசித்தால், வீடு வாடகைக்குக் கேட்டுப் போகும்போது பெயரை மாற்றிச் சொல்லும் எத்தனையோ பேர் நினைவுக்கு வந்தார்கள்.

இனி கேட்ஸ். 1999 ஜனவரியில் அவர் தன் சகாக்களுக்கு எழுதிய ஒரு மின்னஞ்சல், பிற்பாடு அயோவா மாநிலத்தில் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக நடந்த வழக்கில் சான்றாவணமாக வெளியே வந்தது. ஏசிபிஐ நீட்டிப்புகளை எப்படியாவது விண்டோஸுக்கு மட்டும் உரியதாக ஆக்க முடியாதா என்று அதில் யோசிக்கிறார். உழைப்பு நம்முடையது, பலன் லினக்ஸுக்குச் சும்மா போகிறதே என்பது அவர் ஆதங்கம். அந்த யோசனை நிறைவேறியதற்கு அந்தக் கடிதம் சான்றல்ல. ஆனால் ஒரு விஷயத்துக்குச் சான்று. மூடியைச் சாத்தினால் தூங்குவது என்ற எளிய காரியம், அதற்குள் சந்தைப் போட்டியின் ஆயுதமாக எண்ணிப் பார்க்கப்படும் அளவுக்கு வளர்ந்திருந்தது. பதினாறு வருடங்களுக்கு முன்பு, சுவிட்சைப் போட்டதும் எழுந்துகொள்ளும் மாடல் 100-க்கு நிரல் எழுதிய அதே மனிதர்தான்.

எழுப்புகிறவர்கள்

எஸ்3 தூக்கத்துக்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு. எழுப்ப யாருக்கெல்லாம் உரிமை என்று ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலைப் படித்தால் குற்றவாளி கிடைப்பான்.

முதல் ஆள் கடிகாரம். மதர்போர்டில் தனிப் பேட்டரியில் ஓடும் கடிகாரத்துக்கு அலாரம் வைத்து, நள்ளிரவில் எழுந்து அப்டேட் செய்துகொள்ளச் சொல்ல முடியும். இரண்டாவது, வலையமைப்பு. 1990-களின் நடுவில் ஏஎம்டியும் ஹெச்பியும் உருவாக்கிய ‘மேஜிக் பாக்கெட்’: ஆறு பைட் நிறைய ஒன்றுகள், அதன்பின் உங்கள் கணினியின் வலை முகவரி பதினாறு முறை. மொத்தம் 102 பைட். வாசலில் நின்று ஒரே பேரைப் பதினாறு தடவை கூப்பிடுவது. அலுவலகத்தில் ஐடி துறை இரவில் கணினிகளை எழுப்பி வேலை பார்க்க வசதி. மூன்றாவது யுஎஸ்பி. வயர்லெஸ் மவுஸின் குட்டி டாங்கிளைப் பிடுங்காமல் இரண்டையும் பையில் போட்டால், நீங்கள் நடக்க நடக்க மவுஸ் அசையும், மவுஸ் அசைய அசைய லேப்டாப் விழிக்கும்.

விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையோடு ‘லாஸ்ட்வேக்’ என்று சேர்த்தால் கடைசியாக எழுப்பியது யார் என்று சொல்லும். ‘வேக்டைமர்ஸ்’ என்றால் அலாரம் வைத்திருப்பவர்கள். ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்றால், தூங்கவே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். மேக்கில் பிஎம்செட் என்ற கட்டளை அதே விவரத்தைத் தரும். லினக்ஸில் ப்ராக் அடைவுக்குள், ஏசிபிஐ அடைவில், ‘வேக்கப்’ என்றொரு கோப்பு இருக்கிறது. எழுப்பும் உரிமையுள்ள ஒவ்வொரு சாதனமும் அதில் ஒரு வரி. துப்பறியும் வேலைதான். ஆனால் துப்பு துலங்கும்.

பைக்குள் அடுப்பு

மூன்று வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவு பஸ். கிளம்பும்போது சார்ஜ் தொண்ணூறுக்கு மேல். மூடியைச் சாத்தி, பையில் போட்டு, காலடியில் வைத்தேன். காலையில் வீட்டு வாசலில் அம்மாதான் பையை வாங்கினார். ‘என்னப்பா இது, பைக்குள்ள அடுப்ப வெச்சு கொண்டாந்திருக்கியா?’ என்றார். உலோக உடம்பு தொட முடியாத சூடு. பேட்டரி காலி. அன்றைக்குப் பதினொரு மணிக்கு ஒரு ரிலீஸ். சார்ஜ் ஏற்றி எப்படியோ முடித்தேன்.

இது மாதக்கணக்கில் தொடர்ந்தது. பட்டியல்களை எல்லாம் பார்த்தேன். அலாரம் இல்லை, மவுஸ் இல்லை. கடைசியில் பவர்சிஎஃப்ஜியோடு ‘ஏ’ சேர்த்து, இந்த இயந்திரத்தில் என்னென்ன தூக்கம் உண்டு என்று கேட்டேன். எஸ்3-க்கு நேரே, இந்த ஃபர்ம்வேரில் அது இல்லை என்று வந்தது. நான் எழுப்பியவனைத் தேடிக்கொண்டிருந்தேன். விஷயம், அது தூங்கவே போயிருக்கவில்லை.

எட்டு மாதத்தில் டச்பேட் மேலே எழும்ப ஆரம்பித்தது. பேட்டரி ஊதியிருந்தது. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது என்பதும், ஊதிய பேட்டரி தீப்பிடிக்கலாம் என்பதும் எல்லோரும் அறிந்தவை. சர்வீஸ் சென்டரில் இருந்த தம்பி நல்லவர். ‘வாரண்டி முடிஞ்சிருச்சு சார். இந்த மாடல் நிறைய இப்படித்தான் வருது. இனிமே மூடி வைக்காதீங்க. ஷட்டவுன் பண்ணிட்டு பையில வைங்க’ என்றார். நாற்பது வருடப் பொறியியலின் முடிவுரை ஒரு கவுன்டரில் வைத்து எனக்குச் சொல்லப்பட்டது.

விழித்தபடி தூங்குவது

எஸ்3 எங்கே போனது? அதற்குக் காரணம் போன்.

2007-இல் ஐபோன், பிறகு ஐபேட். திரையைத் தொட்டதும் தயார், இடையில் வந்த அஞ்சலும் தயார். அதற்குப் பக்கத்தில் லேப்டாப் ஒரு சோம்பேறியாகத் தெரிந்தது. 2012-இல் விண்டோஸ் 8-உடன் மைக்ரோசாஃப்ட் ‘கனெக்டட் ஸ்டாண்ட்பை’யைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 10-இல் அது ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ ஆனது. அதே 2012-இல் ஆப்பிளும் தூக்கத்திலேயே அஞ்சல் வாங்கும் ‘பவர் நேப்’ வசதியை அறிமுகப்படுத்தியது. 2013-இல் லினக்ஸ் கெர்னலிலும் இதற்கு இணையான ஒரு நிலை சேர்ந்தது.

மாடர்ன் ஸ்டாண்ட்பையில் இயந்திரம் எஸ்0-ஐ விட்டு இறங்குவதே இல்லை. அதாவது தொழில்நுட்பப் பொருளில் அது விழித்தேயிருக்கிறது. திரை அணைந்திருக்கும். எல்லாச் சாதனங்களும் ஒன்றுபோல் சும்மா இருந்தால், சில்லு மிகக் குறைந்த மின்சாரத்துக்கு இறங்கும். அந்த ‘எல்லா’ என்ற சொல்லில்தான் சிக்கல். ஒரே ஒரு டிரைவர் அடங்காமல் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் போதும், மொத்தச் சில்லும் விழித்துக்கிடக்கும். என் இயந்திரத்தில் ‘ஸ்லீப்ஸ்டடி’ அறிக்கையை எடுத்தபோது, இரவு முழுக்கச் சிவப்புப் பட்டை. காரணம் வைஃபை டிரைவர்.

போனில் இது நடப்பதற்குக் காரணம், போனின் சில்லும் டிரைவரும் இயங்குதளமும் ஒருவரோ இருவரோ கட்டியவை. லேப்டாப் பத்து நிறுவனங்களின் கூட்டுக் குடும்பம். அதைவிட முக்கியம், பழைய அறையைப் பூட்டிவிட்டார்கள் என்பது. மைக்ரோசாஃப்டின் வடிவமைப்பில் ஓர் இயந்திரம் ஒன்று எஸ்3 வைத்திருக்கலாம், அல்லது மாடர்ன் ஸ்டாண்ட்பை. இரண்டும் சேர்ந்து கிடையாது. தேர்வது வாங்குபவர் அல்ல, தயாரிப்பாளர். 2018-இல் லெனோவோவின் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறையில் எஸ்3 இல்லாததை லினக்ஸ் பயனர்கள் விடாமல் முறையிட, பிறகு ஒரு பயாஸ் அப்டேட்டில் அது திரும்பி வந்தது. அந்த பயாஸ் மெனுவில் அதற்கு வைத்த பெயர் ‘லினக்ஸ்’. பதினைந்து இருபது வருடம் லினக்ஸில் ஒழுங்காகத் தூங்க முடியாது என்று கேலி பேசினோம். இப்போது நல்ல தூக்கத்தின் பெயரே லினக்ஸ்.

சரி, என்ன செய்யலாம்? எஸ்3 இருக்கும் இயந்திரமானால் பட்டியலைப் பார்த்து எழுப்புகிறவரின் உரிமையைப் பறியுங்கள். லினக்ஸானால் சிஸ் அடைவுக்குள், பவர் அடைவில், ‘மெம்ஸ்லீப்’ கோப்பைப் பாருங்கள். ‘டீப்’ என்ற சொல் இருந்தால் எஸ்3 உயிரோடு இருக்கிறது, அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். எஸ்3 இல்லையென்றால், கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் மூடியைச் சாத்தும்போது ‘ஹைபர்னேட்’ ஆகும்படி மாற்றிவிடுங்கள். வட்டில் எழுதிவிட்டு முழுக்க அணையும். எழுந்துவரச் சில நொடிகள் கூடுதலாகும். பையில் சூடு இருக்காது.

நான் அதைத்தான் செய்திருக்கிறேன். என் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அந்த வாரம் அவளுக்கு ஆன்-கால். நள்ளிரவு இரண்டரைக்கு ஒரு சர்வர் அழைக்கும், ஐந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். தலையணைக்குப் பக்கத்தில் போன், அதற்குப் பக்கத்தில் லேப்டாப். ‘அண்ணா, திரை மட்டும் அணைஞ்சிருக்கும், உள்ள எல்லாம் ஓடிட்டே இருக்கும்னு சொன்னீங்கல்ல? அத நான் வாரம் பூரா பண்றேன்’ என்றாள்.

மாடர்ன் ஸ்டாண்ட்பையை வடிவமைத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. எப்போதும் தொடர்பில் இருப்பதுதான் நல்லது என்று நம்பிய ஒரு காலத்தில், அந்த நம்பிக்கையின்படி இயந்திரத்தைச் செய்தார்கள். அதே நம்பிக்கையின்படிதான் எங்கள் வேலை அட்டவணையும் செய்யப்பட்டிருக்கிறது. இயந்திரத்திலாவது ஒரு செட்டிங் இருக்கிறது. அடுத்த ஆன்-கால் கூட்டத்தில், இரவு அழைப்பு வந்தவருக்கு மறுநாள் காலை விடுப்பு என்ற விதியை முன்வைக்கப் போகிறோம். மனுதான். எத்தனை கை மாறிப் போகும் என்று பார்க்க வேண்டும்.